எம்பிஎல்எஸ் லைனில் இன்டர்நெட்: போகும் வழி, திரும்பும் வழி

கிளை அலுவலகத்துக்குப் புதிதாக எம்பிஎல்எஸ் லைன் வந்தாயிற்று. தலைமை அலுவலக சர்வர் திறக்கிறது, ஐபி போன் ஒலிக்கிறது. கூகுள் மட்டும் திறக்கவில்லை. கிளையிலிருந்து புகார் போகிறது. சேவை நிறுவனத்திலிருந்து "லைன் நன்றாகத்தான் இருக்கிறது" என்று பதில் வருகிறது. இரண்டு பேர் சொல்வதும் சரி. எம்பிஎல்எஸ் விபிஎன்னில் இணையம் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. வேண்டுமென்றால் தனியாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

விற்பனைப் பேச்சில் லீஸ்டு லைன், ஐஎல்எல், எம்பிஎல்எஸ், விபிஎன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் குழப்பம் கூடுகிறது. ஐஎல்எல் என்பது இணையத்துக்கான லைன். எம்பிஎல்எஸ் விபிஎன் ஒரு நிறுவனத்தின் அலுவலகங்களைத் தங்களுக்குள் இணைக்கும் லைன். இரண்டும் ஒரே ஃபைபரில், ஒரே பெட்டி வழியாக வரலாம். அதனால் அவை ஒன்றாகிவிடாது.

கம்பெனி பஸ்

சென்னை ஓஎம்ஆரில் காலையில் ஓடும் கம்பெனி பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். ரோடு எல்லாருக்கும் பொது. பல நிறுவனங்களின் பஸ்கள் முன்னும் பின்னுமாகப் போகின்றன. ஆனால் ஒவ்வொரு டிரைவரிடமும் தன் நிறுவனத்தின் ஸ்டாப் பட்டியல் மட்டும்தான் இருக்கும். அதில் இல்லாத இடத்தில் பஸ் நிற்காது. இரண்டு நிறுவனங்களுமே 'முதல் கேட்' என்று ஒரு ஸ்டாப் வைத்திருக்கலாம். பஸ் வேறு என்பதால் யாரும் இடம் மாறி இறங்கப்போவதில்லை. ஜன்னலோ வெறும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்திருப்பவரை ரோட்டில் நிற்பவர் பார்க்கலாம்.

இந்த பஸ்ஸில் வருபவர் கோயம்பேடு சந்தைக்குப் போக வேண்டுமானால் ஏதாவது ஒரு ஸ்டாப்பில் இறங்கி மாநகரப் பேருந்து ஏற வேண்டும். திரும்பும்போது மாநகரப் பேருந்து அவரைக் கம்பெனி பஸ் நிற்கும் ஸ்டாப்பில் கொண்டுவந்து விட வேண்டும். போக வழி சொன்னவர்கள் வர வழி சொல்ல மறந்தால் ஆள் சந்தையிலேயே நிற்பார். 'எம்பிஎல்எஸ்ஸில் நெட் வரவில்லை' என்ற புகார்களில் கணிசமானவை இந்த ரகம்தான்.

லேபிளும் தனித்தனி அட்டவணைகளும்

இனி உண்மையான இயக்கம். ரூட்டர் என்பது வந்த பாக்கெட்டின் (வலையில் தகவல் பயணிக்கும் சிறு துண்டு) சேருமிட ஐபி முகவரியைத் தன் அட்டவணையில் தேடி, அடுத்து எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் கருவி. அந்த அட்டவணைதான் ரூட்டிங் டேபிள்.

எம்பிஎல்எஸ் இதில் ஒரு மாற்றம் செய்கிறது. சேவை நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் இடத்திலேயே பாக்கெட்டின் முன்னால் 4 பைட் நீளமுள்ள ஒரு லேபிள் ஒட்டப்படும். அதன் 32 பிட்டில் 20 பிட் லேபிள் எண்ணுக்கு, 3 பிட் முன்னுரிமை வகுப்புக்கு. நடுவில் இருக்கும் ரூட்டர்கள் ஐபி முகவரியைப் பார்ப்பதே இல்லை. லேபிளைப் பார்த்து அனுப்பிவிடுகின்றன.

மூன்று வகை ரூட்டர்களின் பெயர் தெரிந்தால் போதும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் இருப்பது சிஇ. அது வந்து சேரும் சேவை நிறுவனத்தின் ஓரத்து ரூட்டர் பிஇ. நடுவில் லேபிளை மட்டும் பார்த்துக் கடத்துவது பி.

சாமர்த்தியம் முழுக்க பிஇ-யில். ஒரே பெட்டிக்குள் வாடிக்கையாளருக்கு ஒன்று வீதம் தனித்தனி ரூட்டிங் டேபிள்களை அது வைத்திருக்கும். அப்படி ஒரு தனி டேபிளுக்கு விஆர்எஃப் என்று பெயர். எந்த விஆர்எஃப்பிலும் சேராத, சேவை நிறுவனத்தின் சொந்த டேபிள் குளோபல் டேபிள்.

ஒரு பிஇ தெரிந்துகொண்ட வழிகளை இன்னொரு பிஇ-க்குச் சொல்வது பிஜிபி என்ற நெறிமுறை. இரண்டு வாடிக்கையாளர்கள் ஒரே 192.168.1.0 முகவரியை வைத்திருந்தாலும் குழம்பாமலிருக்க, ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் 8 பைட் அடையாளம் ஒன்று சேர்க்கப்படுகிறது. அது ரூட் டிஸ்டிங்விஷர். எந்த வழியை எந்த விஆர்எஃப் எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது ரூட் டார்கெட் என்ற முத்திரை. ஒரு விஆர்எஃப் தன் வழிகளை ஒரு முத்திரையோடு வெளியே அனுப்பும். அந்த முத்திரையை ஏற்றுக்கொள்ளும்படி அமைத்த விஆர்எஃப்கள் மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளும். பின்னால் இந்த முத்திரைதான் வேலைக்கு வரப்போகிறது.

பாக்கெட் போகும்போது பொதுவாக இரண்டு லேபிள்கள் இருக்கும். மேல் லேபிள் மறுமுனை பிஇ வரை கொண்டுசேர்க்க. உள் லேபிள் அங்கே எந்த வாடிக்கையாளருடையது என்று சொல்ல. 1999-இல் ஆர்எஃப்சி 2547 ஆக வெளியான இந்த அமைப்பு 2006-இல் ஆர்எஃப்சி 4364 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. விபிஎன்னிலிருந்து இணையத்துக்குப் போவது பற்றி அதில் 11-ஆம் பிரிவே இருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்த சிக்கல்தான் இது.

இதுவரை சுருக்கமாக: விபிஎன் என்பது தனி ரூட்டிங் டேபிள், அதற்கென்று லேபிள், அவ்வளவுதான். மறைகுறியாக்கம் இதில் கிடையாது. போனில் போட்டுக்கொள்ளும் விபிஎன் செயலி தகவலைப் பூட்டி அனுப்புகிறது. எம்பிஎல்எஸ் விபிஎன் பிரித்து மட்டும் அனுப்புகிறது. பூட்டும் வேண்டுமென்றால் மேலே ஐபிசெக் தனியாகப் போட வேண்டும்.

இணையம் ஏன் தானாக வராது

கிளையில் ஒருவர் இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறார். பிஇ அந்த நிறுவனத்தின் விஆர்எஃப்பில் தேடுகிறது. அங்கே இருப்பது தலைமை அலுவலகமும் மற்றக் கிளைகளும்தான். பாக்கெட் அங்கேயே தூக்கி எறியப்படும். அதே பிஇ-யின் குளோபல் டேபிளில் இணையத்துக்கு வழி இருக்கலாம். ஆனால் விஆர்எஃப்பில் வந்த பாக்கெட்டுக்காக பிஇ அதைப் புரட்டிப் பார்க்காது.

எனவே முதல் தேவை டீஃபால்ட் ரூட்: வேறு எந்த வழியும் பொருந்தாதபோது பயன்படுத்து என்று சொல்லும் 0.0.0.0/0. அது விஆர்எஃப்பில் இருந்தால் பாக்கெட் வெளியே போய்விடும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

பதில் எப்படி வரும்? கிளை கணினியின் முகவரி 10.20.5.14 என்று வையுங்கள். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்று தொகுதிகளும் எல்லாரும் உள்ளே புழங்கிக்கொள்ள விடப்பட்ட தனியார் முகவரிகள். இணையத்தில் அவற்றுக்கு வழியே கிடையாது. அதனால் வாசலில் யாராவது அதை ஒரு பொது முகவரியாக மாற்றி, யார் கேட்டது என்று குறித்துவைத்து, பதில் வந்ததும் திருப்பி மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு நாட் என்று பெயர். நாட் போட்ட பொது முகவரிக்கு இணையப் பக்கத்திலிருந்து வழி இருக்க வேண்டும். நாட் பெட்டியிலிருந்து கிளைக்கும் வழி இருக்க வேண்டும்.

ஆக எந்த முறையைப் பார்த்தாலும் கேட்க வேண்டியவை: டீஃபால்ட் ரூட்டை யார் தருகிறார், நாட் எங்கே நடக்கிறது, திரும்பும் வழியை யார் வைத்திருக்கிறார்.

தலைமை அலுவலகம் வழியாக

அதிகம் பார்க்கக்கூடிய முறை இதுதான். சென்னை தலைமை அலுவலகத்தில் ஒரு ஐஎல்எல், அதன் முன்னால் ஃபயர்வால், அதாவது எதை உள்ளே விடலாம், எதை வெளியே விடலாம் என்று விதிப்படி பார்க்கும் பெட்டி. தலைமை அலுவலகத்தின் சிஇ விபிஎன்னுக்குள் டீஃபால்ட் ரூட்டை அறிவிக்கிறது. எல்லாக் கிளைகளின் இணையப் போக்குவரத்தும் சென்னைக்கு வந்து, ஃபயர்வாலில் நாட் ஆகி வெளியே போகும். கட்டுப்பாடு ஒரே இடத்தில், பதிவேடும் ஒரே இடத்தில். இந்தியாவில் 2022 ஏப்ரல் 28-இல் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதால், நிர்வாகிகளுக்கு இந்த வசதி பிடித்துப்போகிறது.

கெடும் இடங்களைப் பார்ப்போம். பிஜிபி டீஃபால்ட் ரூட்டைத் தானாக அறிவிக்காது; அறிவிக்கச் சொல்லித் தனியாக அமைக்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் நெட் வருகிறது, கிளையில் வரவில்லை என்றால் முதலில் கிளைப் பக்கத்து விஆர்எஃப்பில் 0.0.0.0/0 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தும் வரவில்லை என்றால் ஃபயர்வாலுக்குப் போங்கள். அங்கே நாட் விதி 10.10.0.0/16 என்று, அதாவது 10.10-இல் தொடங்கும் தலைமை அலுவலக முகவரிகளுக்கு மட்டும் எழுதியிருப்பார்கள், 10.20, 10.30 என்ற கிளை முகவரிகள் விட்டுப்போயிருக்கும். அல்லது கிளை முகவரிகளுக்கு 'சிஇ பக்கம் அனுப்பு' என்ற வழி ஃபயர்வாலில் இருக்காது. பதில் ஃபயர்வால் வரை வந்து, அங்கிருந்து மறுபடி இணையப் பக்கமே திரும்பும்.

இன்னொன்று நுட்பமானது, எளிதில் கண்ணில் படாதது. மதுரைக் கிளை லைன் அறுந்தால் 10.30.0.0/16 என்ற வழி விபிஎன்னிலிருந்து மறைந்துவிடும். உடனே மதுரைக்கான பாக்கெட்டுகளுக்கெல்லாம் டீஃபால்ட் ரூட் பொருந்திவிடும். அவை ஃபயர்வாலைத் தேடி வந்து, இணையத்தை நோக்கி நடையைக் கட்டும். ஃபயர்வாலிலோ அதற்கு முந்தைய ரூட்டரிலோ மூன்று தனியார் தொகுதிகளுக்கும் 'தூக்கி எறி' என்ற நல் ரூட் போட்டுவிட்டால் தீர்ந்தது. கிளை லைன் உயிரோடு இருக்கும்போது அதன் வழி இன்னும் குறிப்பானது என்பதால் நல் ரூட் இடைஞ்சல் செய்யாது.

அலைவரிசைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 20 கிளைகள், ஒவ்வொன்றும் உச்ச நேரத்தில் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) இணையம் இழுத்தால் 80 எம்பிபிஎஸ். சென்னை ஐஎல்எல்லில் இந்த 80 இருக்க வேண்டும்; சென்னை எம்பிஎல்எஸ் லைனிலும் உள் வேலைக்கான அளவுக்கு மேல் இன்னொரு 80 இருக்க வேண்டும். ஐஎல்எல்லை மட்டும் பெரிதாக்கிவிட்டு 'இன்னும் ஸ்லோ' என்று புலம்புவதன் காரணம் இரண்டாவது 80-ஐ மறந்ததுதான்.

தூரமும் உண்டு. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோ வினாடி ஆகிறது. டெல்லி கிளையிலிருந்து சென்னைக்கு 2,200 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒருவழிக்கு 11 மில்லி வினாடி. டெல்லியிலேயே இருக்கும் ஒரு வெப் சர்வரை அந்தக் கிளை திறந்தால், பாக்கெட் சென்னைக்கு வந்து, டெல்லிக்குப் போய், பதில் சென்னைக்கு வந்து, மறுபடி டெல்லிக்குப் போகும். 44 மில்லி வினாடி பயணத்துக்கே போய்விட்டது. மின்னஞ்சலுக்குப் பரவாயில்லை. வீடியோ கூட்டம் நடத்துபவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலிக் கிளைக்கு இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரே கேபிளில் இரண்டு பாதை

இரண்டாவது முறை நேரடியானது. கிளைக்கு வரும் அதே ஃபைபரில் இரண்டு விலான்கள், அதாவது ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்த இரண்டு தடங்கள். 100 என்ற விலான் பிஇ-யில் நிறுவனத்தின் விஆர்எஃப்பில் சேரும். 200 என்ற விலான் குளோபல் டேபிளில் சேரும். உள் முகவரிகளுக்கு 100 வழியாக, மற்ற எல்லாவற்றுக்கும் 200 வழியாக என்று சிஇ பிரித்து அனுப்பும். நாட் கிளையிலேயே நடக்கும்.

சேவை நிறுவனத்தின் பக்கம் எந்தத் தந்திரமும் வேண்டாம் என்பது இதன் பலம். பலவீனம் அதன் மறுபக்கம்: ஒவ்வொரு கிளையிலும் இணையத்துக்கு ஒரு கதவு திறக்கிறது. 40 கிளைகள் என்றால் 40 ஃபயர்வால், 40 விதித்தொகுப்பு, புதுப்பிக்க மறந்த ஒன்றிரண்டு. அந்த ஒன்றின் வழியாக உள்ளே வந்தவருக்கு விபிஎன் முழுவதும் திறந்த வீடு.

இரண்டு தடங்களும் ஒரே கம்பியைப் பங்குபோடுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 10 எம்பிபிஎஸ் லைனில் யாரோ விண்டோஸ் அப்டேட் இறக்கினால் ஐபி போனில் குரல் தெறிக்கும். இணையப் போக்குவரத்தைக் கடைசி முன்னுரிமை வகுப்பில் வைத்து, விலானுக்கு உச்ச வரம்பும் போடுங்கள். இறக்கப் போக்குவரத்தை சிஇ-யில் கட்டுப்படுத்திப் பயனில்லை; அது கம்பியை நிரப்பிவிட்டுத்தான் சிஇ-க்கு வருகிறது. பிஇ-யில் போடச் சொல்ல வேண்டும்.

பிஇ-யிலேயே குளோபல் டேபிளுக்கு வழி திறப்பது

தனி விலானும் வேண்டாம், சென்னைக்கும் போக வேண்டாம் என்றால், பிஇ-யின் விஆர்எஃப்பில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் போடலாம், அதாவது கையால் எழுதிவைக்கும் வழி: 0.0.0.0/0, அடுத்த நிறுத்தம் சேவை நிறுவனத்தின் இணைய கேட்வே (இணையத்தோடு சேரும் வாசல் ரூட்டர்), அதைக் குளோபல் டேபிளில் தேடு. பாக்கெட் கேட்வே வரை போகும் ஒற்றை லேபிளோடு கிளம்பும்; விபிஎன் லேபிள் அதில் இருக்காது.

திரும்புவதற்கு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த பொது முகவரித் தொகுதியைக் குளோபல் டேபிளில் 'இந்த சிஇ பக்கம்' என்று இன்னொரு ஸ்டாட்டிக் ரூட்டாக எழுதி, அதை வலை முழுக்க அறிவிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வேலை முடியும். சிஇ-யில் நாட் இல்லாமல் 10.20.5.14 என்ற முகவரியோடே பாக்கெட் வெளியேறினால் பதில் வரவே வராது.

சின்ன வலைக்கு இது போதும். வளர்ந்தால் தொல்லை. கேட்வே உயிரோடு இருந்து அதற்கு மேலே இணைப்பு செத்துப்போனாலும் ஸ்டாட்டிக் ரூட் அசையாமல் நிற்கும். போக்குவரத்து முழுக்கக் குழியில் விழும். வாடிக்கையாளர் வேறு பிஇ-க்கு மாற்றப்பட்டால் பழைய பிஇ-யில் எழுதிவைத்த வரியை யாராவது நினைவாக அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் பதில்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

இணையத்துக்கென்று ஒரு விஆர்எஃப்

வாடிக்கையாளர் பலர் இருக்கும் சேவை நிறுவனத்துக்கு எங்கள் பரிந்துரை இதுதான். இணைய கேட்வேயைத் தனி விஆர்எஃப்பில் வைத்துவிடுவது. அது டீஃபால்ட் ரூட்டை 65000:900 என்ற முத்திரையோடு வெளியிடும். இணையம் வாங்கிய வாடிக்கையாளர்களின் விஆர்எஃப்கள் அந்த முத்திரையை ஏற்கும். அவர்கள் தங்கள் பொது முகவரிகளை மட்டும் 65000:901 என்ற முத்திரையோடு அனுப்புவார்கள். இணைய விஆர்எஃப் அதை ஏற்கும். போகும் வழிக்கு ஒரு முத்திரை, திரும்பும் வழிக்கு இன்னொன்று. கேட்வேயின் டீஃபால்ட் பிஜிபி வழியாக வந்ததென்றால், மேல் இணைப்பு செத்ததும் தானாக மறைந்து மாற்று கேட்வேக்கு இடம் விடும். இணையச் சந்தாவை நிறுத்த ஒரு வரியை எடுத்தால் போதும்.

இரண்டு திசைக்கும் ஒரே முத்திரையைப் பயன்படுத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. அப்போது டீஃபால்ட் ரூட்டோடு மற்ற வாடிக்கையாளர்களின் வழிகளையும் ஒவ்வொரு விஆர்எஃப்பும் இழுத்துக்கொள்ளும். ஒரு நிறுவனத்தின் கிளைக்கு இன்னொரு நிறுவனத்தின் வலை தெரிய ஆரம்பிக்கும். அடுத்தது, 901-இல் தனியார் முகவரிகள் கலந்துவிடுவது, ஒரே 10.20.0.0/16 இரண்டு பேரிடமிருந்து வந்தால் ஒருவருடைய பதில் மற்றவரிடம் போகும். அனுப்பும் இடத்தில் முகவரி வடிகட்டி கட்டாயம்.

இணைய வழிகள் முழுவதையும் வாடிக்கையாளர் விஆர்எஃப்பில் கொட்டச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஐபிவி4-இன் முழு அட்டவணை இன்று பத்து லட்சம் வழிகளை ஒட்டி இருக்கிறது. 50 விஆர்எஃப்களில் போட்டால் 5 கோடி. 2014 ஆகஸ்ட் 12-இல் அட்டவணை 5,12,000 வழிகளைத் தாண்டியபோது, அந்த அளவுக்கே வன்பொருள் நினைவகம் ஒதுக்கியிருந்த பழைய ரூட்டர்கள் உலகின் பல இடங்களில் திணறின. ஒற்றை அட்டவணைக்கே அந்தக் கதி. ஒரே ஒரு டீஃபால்ட் ரூட் கிட்டத்தட்ட எல்லா வாடிக்கையாளருக்கும் போதும்.

சுருக்கமாக: முதல் முறையில் கதவு வாடிக்கையாளரின் தலைமை அலுவலகத்தில், இரண்டாவதில் ஒவ்வொரு கிளையிலும், கடைசி இரண்டிலும் சேவை நிறுவனத்தின் வலைக்குள். கடைசி முறையில் கேட்வேக்கு அருகே வாடிக்கையாளருக்கென்று ஒரு ஃபயர்வாலையும் நாட்டையும் சேவை நிறுவனமே வைத்துக் கட்டணம் வாங்குவதும் உண்டு.

பிங் போகிறது, சைட் திறக்கவில்லை

வழிகள் எல்லாம் சரியாக இருந்தும் வரும் புகார் இது. ஒரு ஐபி பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். அதன் மேல் இரண்டு லேபிள் சேர்ந்தால் 1,508. நடுவில் ஏதாவது ஒரு இணைப்பு 1,500-க்கு மேல் விடாதபடி இருந்தால் பெரிய பாக்கெட்டுகள் அங்கே மடியும். பிங், அதாவது மறுமுனை பதில் தருகிறதா என்று தட்டிப் பார்க்கும் சோதனைப் பாக்கெட், சின்னது, போய்விடும். வெப் பக்கம் பெரியது, பாதியில் நிற்கும்.

சோதிக்க, துண்டாக்காதே என்ற குறியோடு 1,472 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1,500 ஆகும். அது போகாமல் 1,464 போனால் 8 பைட் இடிக்கிறது என்று பொருள். லேபிள் மீதுதான் சந்தேகம். சரியான மருந்து சேவை நிறுவனம் தன் உள் இணைப்புகளின் வரம்பை உயர்த்துவது. அதுவரை சிஇ-யில் டிசிபி எம்எஸ்எஸ் மதிப்பை, அதாவது ஒரு பாக்கெட்டில் எவ்வளவு தரவு வைக்கலாம் என்ற வரம்பை, 1,460-இலிருந்து 1,452-க்குக் குறைத்தால் வெப் பக்கங்கள் திறக்கும்.

சோதனை எதுவானாலும் சிஇ ரூட்டரில் உட்கார்ந்து வெறுமனே பிங் அடிப்பதால் பயனில்லை. பிஇ-யை இணைக்கும் பக்கத்து முகவரியை அது அனுப்புநர் முகவரியாகப் போட்டு அனுப்பும்; அந்த முகவரிக்கு நாட் விதியோ திரும்பும் வழியோ இல்லாமலிருக்கலாம், இருந்து கணினிகளுக்கு இல்லாமலும் இருக்கலாம். கிளையின் உள் முகவரியை அனுப்புநர் முகவரியாகக் கொடுத்து அனுப்புங்கள், அல்லது ஒரு கணினியிலிருந்தே அனுப்புங்கள். சேவை நிறுவனத்தின் பொறியாளர் பிஇ-யிலிருந்து பார்த்தால் அவரும் விஆர்எஃப் பெயரைச் சொல்லித்தான் பிங் அடிக்க வேண்டும். பெயர் சொல்லாத பிங் குளோபல் டேபிள் வழியாக 8.8.8.8-க்குப் போய்விட்டு வந்து, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டும்.